பானையில் ஒன்றுக்குத்தான் இடம்

கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து மூடி வைத்தால் ஒரு வாரத்தில் தானாகப் பொங்கி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். பொங்காது. மூன்றாம் நாள் பொங்குவது போல் பாவ்லா காட்டும். நாம் சந்தோஷப்பட்டு அக்கம்பக்கத்தில் சொல்லி முடிப்பதற்குள் படுத்துவிடும். அப்புறம் நாலைந்து நாளைக்கு ஒன்றுமே இருக்காது. செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று தெரியாமல் மூடியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதலிலிருந்து எழுதுங்கள், எதையும் விடாதீர்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் பெயர் மலர்கொடி. வயது நாற்பத்தாறு. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்து நன்றாகவே இருக்கும். ஆரோவில் பக்கம் ஒரு ரொட்டிக் கூடத்தில் ஆறு வருஷமாகத் தட்டு கழுவுகிறேன். என் கணவர் பாலகுரு மே இருபத்தேழாம் தேதி சாயங்காலம் இறந்துபோனார். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக இன்சுலின். அது இல்லாவிட்டால் அவர் இல்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டையும் நான்தான் போட்டேன். அவர் எப்படிப் போனார் என்பதுதான் உங்கள் கேள்வி. மாவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் கூடத்து ரொட்டிக்கு ஈஸ்ட் போடுவதில்லை. புளித்த மாவு ஒன்று வாளியில் இருக்கும், ஸ்டார்ட்டர் என்பார்கள். அதில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி எழும்பும். தினமும் அதில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு, மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். சாப்பாடு போடுவது என்று அதற்குப் பெயர். கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்று மாவுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஜெயப்பிரகாஷ் சாரிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் சார்தான்.

"கொட்டலன்னா எல்லாமே அரைப் பட்டினி கெடக்கும் அக்கா. பாதிய தூக்கிப் போட்டாதான் மீதி நல்லா இருக்கும்."

தட்டு கழுவுகிறவர்களை மாவுப் பக்கம் விடமாட்டார்கள். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, போன மார்ச்சில், என்னையும் மாவுக்குப் போடுங்கள் என்று சாரிடம் கேட்டேன். வீட்டில் நீங்களே ஒன்றை ஆரம்பித்து, முப்பது நாள் உயிரோடு வைத்திருந்து எடுத்து வாருங்கள், பார்க்கலாம் என்றார். இங்கிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போகலாமா என்றதற்குக் கூடாது என்றார். அவரவர் வீட்டு மாவிலும் காற்றிலும் இருக்கும் கிருமிதான் அதில் வளர வேண்டுமாம். முப்பது நாள் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

முதல் பாட்டில் என் தப்பால் போனது. எங்கள் பக்கம் மாவு கரைத்தால் உப்பு போடாமல் மூட மாட்டோம். அதிலும் என் கணவர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். கடையில் உப்புப் பாக்கெட் வாங்கியதே இல்லை, வீட்டில் சாக்கிலேயே கிடக்கும். இட்லி மாவு கரைக்கிற பழக்கத்தில் கை தானாகச் சாக்குக்குப் போயிருக்கிறது. போட்டது எனக்கு நினைவே இல்லை. எட்டு நாள் காலையும் மாலையும் பாதியைக் கொட்டி, புதிதாகப் போட்டு, கலக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி கல்லுப்பு. ஒரு குமிழி வரவில்லை. போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது அவர்தான். அவருக்குக் கண் சரியில்லை. முப்பது வருஷம் உப்புப் பாத்தியின் வெள்ளையைப் பார்த்த கண், மிச்சத்தைச் சுகர் எடுத்துக்கொண்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் தெரியும், எழுத்தோ எண்ணோ தெரியாது. வலது காலில் இரண்டு விரல் கிடையாது. எட்டாம் நாள் நான் பாட்டிலை வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, தடவிக்கொண்டே வந்து உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"அடிப்பாவி, உப்பு போட்டியா இதுல?"

"நான் எங்கங்க போட்டேன்?"

"ஏம்மே, நாக்கு எனக்குப் பொய் சொல்லுமா? உப்பு போட்டா மீனே மாசக்கணக்குல கெடாம கெடக்குது. மாவு எங்கேர்ந்து பொங்கும்?"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் நல்லவர், மேடம். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். பிள்ளை இல்லை என்பதற்காக ஒரு நாளும் என்னைச் சொல்லிக் காட்டியதில்லை. நாத்தனார் அருக்காணி உங்களிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால், அது அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால்தான்.

இரண்டாவது பாட்டிலை ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி ஆரம்பித்தேன். ஊறுகாய் வந்த கண்ணாடிப் பாட்டில். ஐம்பது கிராம் மாவு, ஐம்பது மில்லி தண்ணீர். உப்புச் சாக்கை அவர் காலாலேயே தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டார். கை போனாலும் அங்கே குனிந்து தேடுவதற்குள் ஞாபகம் வந்துவிடும் என்றார். வெள்ளைக்காரன் ரொட்டி, நேரத்துக்குச் சாப்பாடு, வெயில் ஆகாது, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அதற்குத் தொரை என்று பேர் வைத்தார்.

காலை ஆறு மணிக்கு அவருக்கு ஊசி, தொரைக்குச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கும் அப்படியே. ஒரே நோட்டு. முன்பக்கத்திலிருந்து அவருடைய சுகர், பின்பக்கத்திலிருந்து தொரையின் உயரம். பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதற்கு மேல் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று எழுதுவேன். அந்த நோட்டு இப்போது போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேஜையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் இரண்டு விரல் ஏறியது. கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாலாம் நாள் படுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் மழையில் நனைந்த செருப்பு மாதிரி நாறியது. பஸ்ஸில் போகும்போது மூடியைத் தளர்த்தி வைத்தோமா, இறுக்கிவிட்டோமா என்று சந்தேகம் வந்து, கீழ்புத்துப்பட்டில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். தளர்த்தித்தான் இருந்தது. போட்டோ எடுத்து ஜெயப்பிரகாஷ் சாருக்கு அனுப்புவேன். பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் வரும். அது நன்றாக இருக்கிறது என்பதற்கா, பார்த்துவிட்டேன் என்பதற்கா என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

மத்தியானத்தில் கூடத்திலிருந்து போன் போடுவேன்.

"தொரை எழுந்தாராங்க?"

"எங்க, இன்னும் மாடிய விட்டு எறங்கல. இரு, காத வெச்சிப் பார்க்கிறேன்." கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. "பேசறாரு மலரு. குசுகுசுன்னு இன்னாவோ பேசறாரு."

குமிழி உடைகிற சத்தம் அது. எனக்குக் கேட்டதே இல்லை. அவருக்குத்தான் கேட்கும்.

கொட்ட வேண்டிய பாதி மாவில் வெங்காயம் போட்டுத் தோசை வார்த்துக் கொடுத்தேன். புளிப்புத் தாங்காது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு தின்றுவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்றார்.

மே மூன்றாம் தேதி ஃபிரிட்ஜ் நின்றுபோனது. எங்கள் ஊரில் எதுவும் அதன் ஆயுசு முழுக்க இருக்காது, உப்புக் காற்று தின்றுவிடும். பின்பக்கத்துக் குழாய் பொடிப்பொடியாக அரித்துக் கேஸ் போய்விட்டது. மெக்கானிக் காசிலிங்கம் வந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வர நாளாகும் என்றார். இன்சுலினைப் பானைக்கு மாற்றினேன். அது எங்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான், புயல் அடித்துக் கரன்ட் இல்லாத நாட்களில் எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பெரிய பானையில் மணல், மணலுக்கு நடுவில் சின்னப் பானை, மேலே ஈரச் சாக்கு. மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஜில்லென்று இருக்கும். சுகாதார நிலையத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் நர்ஸ் பூவிழிதான் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்தது. சமையலறைக்கு மேலே சிமென்ட் ஷீட். அன்றைக்குக் காலையில் சாப்பாடு போட்ட தொரை பத்து மணிக்கே பொங்கி, மத்தியானம் சரிந்து, நான் வரும்போது தண்ணீர் பிரிந்து கிடந்தது. நெயில் பாலிஷ் வாசனை அடித்தது. சாரிடம் கேட்டேன். "பசி அக்கா. சூட்டுல சீக்கிரம் தின்னு தீர்த்துடுது. அப்புறம் பட்டினி. பட்டினி கெடந்தா அந்த வாசனதான் வரும். இப்படியே விட்டா ஒரு வாரம் தாங்காது. குளிர்ச்சியா ஒரு எடம் பாருங்க" என்றார்.

வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருந்தது. சின்னப் பானைக்குள் மருந்து டப்பா இருந்தால் பாட்டில் போகாது. பாட்டில் இருந்தால் டப்பா போகாது. நீங்களே வந்து வைத்துப் பார்த்தீர்கள்.

மே ஐந்தாம் தேதி ஒரு மத்தியானத்துக்கு மட்டும் என்றுதான் மாற்றினேன். டப்பாவை எடுத்து அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். அது மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்காலம் வந்து பானையைத் திறந்தேன். தொரை ரப்பர் பேண்டுக்கு மேல் ஆறு விரல் ஏறி, மூடியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே முழுக்கக் குமிழி. வாசனை பழம் மாதிரி, தயிர் மாதிரி. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணத்தன்று அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், இருந்த மாதிரி ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் டப்பா பானைக்குத் திரும்பவில்லை.

அவரிடம் இரண்டையும் பானையில் ஒன்றாக வைத்திருப்பதாகச் சொன்னேன். நல்லதாப் போச்சு, எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு என்றார் அவர். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மணலில் ஒரு சொம்பு தண்ணீர் தெளிப்பார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தன் மருந்தும் உள்ளே இருக்கிறது என்று அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.

நாலைந்து நாள் கழித்து, காலையில் ஊசி போட்டு முடித்ததும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்பல்லாம் ஊசி குளிரவே மாட்டேங்குதே மலரு."

"வெயில் காலம் இல்லிங்களா."

"ஆமா. அதுவும் சரிதான்."

இந்த மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் பால் மாதிரி ஆகும், அப்புறம்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். அந்தக் குப்பியை எவ்வளவு உருட்டியும் பாலாகவில்லை. உள்பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள் அக்கா, அது வெறும் தண்ணி என்று பூவிழி ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். நான் அளவு பார்த்து ஏற்றினேன். இருபத்தெட்டு யூனிட். காற்றுக் குமிழி இல்லாமல் தட்டி எடுத்துப் போட்டேன். ஒரு நாள் வயிற்றில் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம்.

அடுத்தது சுகர் பார்க்கிற மெஷின். விரலில் குத்தி ரத்தத்தைத் தொட்டு வைத்ததும் அது எண்ணைக் காட்டும். அவருக்கு எண் தெரியாது என்பதால் நான் படித்துச் சொல்வேன், பல வருஷமாக அப்படித்தான். மே ஒன்பதாம் தேதி மெஷின் முன்னூற்றுப் பன்னிரண்டு காட்டியது. "எவ்ளோ?" என்றார். நூற்று அறுபத்தெட்டு என்றேன். பன்னிரண்டாம் தேதி முன்னூற்று எண்பது. நூற்று எழுபத்திரண்டு என்றேன். சொன்னதையே நோட்டில் எழுதினேன். மெஷின் பழைய எண்களையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று நீங்கள் பட்டனை அழுத்திக் காட்டும் வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழித்திருப்பேனா என்று கேட்டீர்கள். அழித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தொரையின் உயரத்தில் நான் ஒரு தடவைகூடப் பொய் எழுதவில்லை. நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

அவருக்குத் தாகம் அதிகமானது. ஊரில் எல்லோருக்கும்தான் தாகம், அது அப்படிப்பட்ட வெயில். ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் காலியாக இருக்கும். பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து கால் துவண்டுவிட்டது. லுங்கி இடுப்பில் நிற்கவில்லை, அரைஞாண் கயிற்றில் செருகிக் கட்டிவிட்டேன். ஒரு நாள் கேட்டார்.

"ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா? ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது."

"சுகர்தான் நார்மலா இருக்குதேங்க. அங்க போயி இன்னான்னு சொல்றது?"

"அதுவும் சரிதான். நீ லீவு வேற போடணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அருக்காணி வருவாள், அடுத்த தெருதான். "அண்ணன் இன்னா அண்ணி இப்டி எளச்சிப்போச்சி?" என்றாள். சுகர் கன்ட்ரோலில் இருந்தால் உடம்பு இறங்கும் என்றேன். நோட்டைக் காட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, நீ இருக்கக்காட்டித்தான் அண்ணி என் அண்ணன் இருக்குது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் உங்களிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

இருபதாம் தேதிக்கு மேல் அவர் வாயில் ஒரு வாசனை வந்தது. தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது அடித்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நெயில் பாலிஷ் வாசனை. பானைக்குள் போவதற்கு முன்னால் தொரையிடம் அடித்ததே, அதே வாசனை. பட்டினி கிடந்தால் வரும் என்று சார் சொன்னது. அவருக்கு நான் நேரம் தவறாமல் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சோற்றை உடம்புக்குள் சேர்ப்பதற்கு மருந்து வேண்டும், அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போய்த் தொரையை முகர்ந்து பார்த்தேன். அங்கே பழ வாசனைதான் இருந்தது.

ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் யோசித்ததைச் சொல்கிறேன், சரியாக இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். ஊசி போட்டால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காமல் இருப்பதற்குத்தான் ஊசி. பன்னிரண்டு வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நான் போட்டுப் போட்டுப் பார்த்தது ஒன்றும் நடக்காததைத்தான். நேற்று எப்படி இருந்தாரோ இன்றைக்கும் அப்படியே இருப்பார். அதற்காக நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கியதில்லை, என் அம்மா செத்ததற்குப் போய்ச் சாயங்காலம் ஊசி நேரத்துக்குத் திரும்பி வந்தேன். அவர் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. போய்ட்டு நாளைக்கு வாயேன், நான் ஒரு வேளை சமாளிச்சிக்கிறேன் என்றுதான் சொன்னார். தொரை அப்படியில்லை. நான் ஒரு கரண்டி போட்டால் நாலு மணி நேரத்தில் இரண்டு பங்காகி நிற்கும். நான் செய்தது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலில் இருந்த குப்பி விஷயமும் அப்படித்தான் ஆகிப்போனது. முன்னூற்றுப் பன்னிரண்டு, முன்னூற்று எண்பது, நானூற்று நாற்பது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ நடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை, மேடம். கோபம் இருந்தால் சொல்லிவிடுவேன்.

மே இருபத்தேழாம் தேதி தொரைக்கு முப்பதாவது நாள். காலை ஆறு மணிக்குச் சாப்பாடு போட்டேன். அவரை எழுப்பினேன், கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. ஊசி போட்டேன். மெஷினில் எண் வரவில்லை, அளவுக்கு மேல் என்பதற்கான எழுத்துதான் வந்தது. நோட்டில் நூற்று எழுபத்தொன்று என்று எழுதினேன். கேட்க ஆள் இல்லாதபோதும் ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பாட்டிலை ஈரத் துணியில் சுற்றிப் பைக்குள் நிற்க வைத்து, எட்டு மணி பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜெயப்பிரகாஷ் சார் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் விட்டார். உயிர் இருந்தால் மிதக்கும், இல்லாவிட்டால் அடியில் போய்விடும். மிதந்தது. நடுவில் பஞ்சு மாதிரி நின்றது. "சூப்பர் அக்கா, நாளைலேர்ந்து மாவுக்கு வந்துடுங்க" என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். என் போன் பைக்குள் இருந்தது, பை பெட்டிக்குள் இருந்தது. அருக்காணி மத்தியானம் மோர் கொண்டு வந்தவள் அவரைப் பார்த்துவிட்டு, எனக்குப் பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அவளே ஆம்புலன்ஸ் வரவழைத்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஐந்தே முக்காலுக்கு அவர் போய்விட்டார். சுகரைப் பார்த்த டாக்டர் மருந்துக் குப்பியைக் கொண்டு வரச் சொன்னார், அதிலிருந்துதான் விஷயம் உங்களிடம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

நேற்று நீங்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டீர்கள். "ஃபிரிட்ஜ் இல்லாம, எடம் இல்லாமதானம்மா அப்டி வெச்சீங்க? டாக்டருக்குப் படிச்ச பொம்பள இல்ல நீங்க, வெயில்ல கெட்டுப்போவும்னு தெரியாம நடந்துபோச்சு, அப்டித்தான?" உங்களுக்கு நல்ல மனசு. எனக்காக நீங்கள் தேடி எடுத்த காரணம் அது. இவ்வளவு நேரம் இதை எழுதும்போது நானும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பானையில் ஒன்றுக்குத்தான் இடம் என்று நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்.

காசிலிங்கம் மே பதினாறாம் தேதியே ஃபிரிட்ஜைக் கொண்டு வந்து வைத்துவிட்டார். அன்றைக்கே நன்றாகக் குளிர்ந்தது. தொரைக்கு அவ்வளவு குளிர் ஆகாது என்பதால் அது பானையிலேயே இருந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு கட்டு கொத்தமல்லியும் தவிர ஒன்றும் இல்லை.

"மருந்த ஃபிரிட்ஜுக்கு மாத்திட்டியா?" என்று அவர் கட்டிலிலிருந்தே கேட்டார்.

"மாத்திட்டேங்க" என்றேன். ஜன்னல் எனக்கு ஒரு முழத்தில் இருந்தது.

இருபதாம் தேதி நர்ஸ் பூவிழி வந்தாள். புதுக் குப்பி கொண்டு வந்திருந்தாள். "குளுர்ச்சியாதான வெக்கிறீங்க அக்கா?" என்றாள். ஃபிரிட்ஜ் வந்துடுச்சி பூவிழி என்றேன். அது உண்மை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சுகர் பார்க்கட்டுமா என்றாள். காலையில்தான் பார்த்தேன், நூற்று அறுபத்தொன்பது என்று நோட்டை நீட்டினேன். அவள் எழுதிக்கொண்டு போனாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் போனதும் புதுக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. அந்தக் குப்பி நல்ல குப்பி. அன்றைக்குச் சாயங்காலம் அதிலிருந்து போட்டிருந்தால், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போயிருந்தால், அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃபிரிட்ஜை மூடினேன். புதுக் குப்பியை ஜன்னலில், பழைய குப்பிக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். ஊசியை ஆறு மணிக்குப் பழையதிலிருந்தே போட்டேன்.

ஆகவே, பாலகுருவைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் அவரை உயிரோடு வைத்திருந்ததும் நான்தான், இருபத்திரண்டு நாள்தான் வைத்திருக்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அருக்காணி எனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.